பெங்களூர்ல இருந்து பிக்கப் வெச்சு லாங் டிரிப் ஓட்டலாமா, பின்னாடி டிரெய்லர் கட்டலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான். ஒயிட்ஃபீல்டுல கம்பெனி வேலையில இருக்கற ஒரு தம்பி, அமெரிக்காவுல பெரிய டீசல் பிக்கப்புக்குப் பின்னாடி 40 அடி டிரெய்லர் மாட்டி ஸ்டேட் ஸ்டேட்டா லோடு அடிக்கறவங்க வீடியோவெல்லாம் பாத்திருக்கார். கையில 10 லட்சம் இருக்கு, மீதி லோன் போட்டு ஒரு ஹைலக்ஸோ டி-மேக்ஸோ எடுத்து, டிரெய்லர் கட்டி, பெங்களூர்–மும்பை, பெங்களூர்–சென்னை ஓட்டினா மாசம் கையில எவ்ளோ நிக்கும்னு கேக்கறார்.

தம்பி, டிரெய்லர் ஆசையை இப்பவே இறக்கி வெச்சுடுங்க. பிக்கப்பு வேணாம்னு சொல்லல, அதுக்குன்னு ஒரு ரூட்டு இருக்கு, அது மும்பை ரூட்டு இல்ல. மும்பை வரைக்கும் போகணும்னா நீங்க பாக்க வேண்டிய வண்டி வேற. நான் யாருன்னா, அப்பா சங்ககிரி பக்கத்துல இருந்து கிளீனரா பெங்களூர் வந்தவர், நான் ஸ்ரீராம்புரத்துல வளர்ந்தவன், 19 வருஷமா கலாசிபாளையத்துலயும் பீன்யாவுலயும் வண்டி விடறேன். இப்போ மூணு பிக்கப்பு, ரெண்டு 7.49 டன் வண்டி (வண்டியும் லோடும் சேத்த மொத்த எடை அது), ஒரு பத்து சக்கர லாரி. நாலு தடவ கையை சுட்டுக்கிட்டவன் சொல்றதா எடுத்துக்கோங்க.

மொதல்ல அந்த வீடியோவுல நீங்க பாக்கற வண்டி என்னன்னு புரிஞ்சுக்கணும். ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவர்லே சில்வராடோ 3500, இதெல்லாம் அவங்க கணக்குல கிளாஸ் 3, அதாவது வண்டியும் அது மேல இருக்கற பாரமும் சேத்து 10,001 பவுண்டுல இருந்து 14,000 பவுண்டு வரைக்கும். நம்ம கணக்குக்கு மாத்தினா நாலரை டன்ல இருந்து 6.35 டன். அப்போ அது நாம பிக்கப்புன்னு சொல்ற சாமானே இல்ல, எடையில பாத்தா அது நம்ம ஊர் டாடா 407 லாரி, மூஞ்சி மட்டும் கார் மாதிரி. எஞ்சின் கதையும் அப்படித்தான், ராம்ல இருக்கற கம்மின்ஸ் 6.7 லிட்டர் ஆறு சிலிண்டர், 1989 மாடல்ல 5.9 லிட்டரா ஆரம்பிச்ச குடும்பம் அது, அந்த 5.9 கம்மின்ஸ் ஜாம்ஷெட்பூர்ல செஞ்சு நம்ம டாடா லாரியில வருஷக்கணக்கா ஓடுச்சு. நம்ம ஊர்ல 16 டன், 25 டன் லாரிய இழுத்த எஞ்சின் குடும்பத்த அவங்க பிக்கப்புல வெச்சிருக்காங்க. அதப் பாத்துட்டு 2.5 லிட்டர் டி-மேக்ஸ பாத்தா ரெண்டும் பிக்கப்புதானேன்னு தோணும், ஆனா ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது.

அப்புறம் அவங்க ஏன் லாரி வாங்காம பிக்கப்புல போறாங்க? இங்கதான் விஷயமே இருக்கு. ஹாட்ஷாட்னு பேரு வெச்சிருக்காங்க, அவசர லோடு ஓட்டறது. அந்த ஊர் சட்டப்படி வண்டி டிரெய்லர் ரெண்டோட ரேட்டிங் (கம்பெனி குறிச்ச அதிகபட்ச மொத்த எடை) சேத்து 26,001 பவுண்டத் தொட்டு, அதுல டிரெய்லர் 10,000 பவுண்டுக்கு மேல இருந்தா கமர்ஷியல் லைசென்ஸ் வேணும். அதுக்குக் கீழ நின்னா சாதா லைசென்ஸ் போதும். அந்தக் கோடு நம்ம கணக்குல 11.8 டன். அதுல பிக்கப்பே மூணரை டன், 40 அடி கூஸ்நெக் டிரெய்லர் (பிக்கப்பு தொட்டிக்குள்ள கொக்கி மாட்டற வகை) காலியாவே ஒரு மூணு டன், மிச்சம் அஞ்சு டன் சொச்சம்தான் லோடு. இவ்ளோ பெரிய வண்டி, 400, 500 குதிரை சக்தி, எல்லாம் சேந்து சாதா லைசென்ஸ்ல தூக்கறது அஞ்சு டன். அதத்தான் நம்ம ஊர்ல ஒரு 17 அடி ஐச்சர் டிரெய்லரும் இல்லாம வம்பும் இல்லாம தூக்கிட்டுப் போகுது. கமர்ஷியல் லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க இன்னும் மேல போறாங்க, எஃப்-450 மாதிரி வண்டி 40,000 பவுண்டு வரைக்கும் இழுக்கும்னு கம்பெனியே சொல்றாங்க, 18 டன். ஆனா புதுசா இறங்கறவன் பெரும்பாலும் அந்த 26,000 கோட்டுக்குக் கீழதான் நிக்கறான். எஞ்சினப் பாத்து அந்தத் தொழில் வரல, சட்டம் கிழிச்ச எடைக் கோட்டைப் பாத்துதான் வந்திருக்கு.

அதே மாதிரி நம்ம ஊர்லயும் கோடு இருக்கு. அத தெரிஞ்சுக்கிட்டு வண்டி வாங்கறவன் பொழைக்கறான், வீடியோ பாத்து வாங்கறவன் டியூ கட்ட முடியாம நிக்கறான்.

மொதக் கோடு 3,000 கிலோ. மொத்த எடை அதுக்குள்ள இருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆவது பிரிவுப்படி பர்மிட்டே வேணாம். குட்டி யானை, சின்ன தோஸ்த்தெல்லாம் ஊரெங்கும் சுத்தறதுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டாவது கோடு 7,500 கிலோ. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்ச் தெளிவா சொல்லிடுச்சு, கார் ஓட்டற எல்.எம்.வி லைசென்ஸ் இருந்தா 7,500 கிலோ வரைக்கும் கமர்ஷியல் வண்டியும் ஓட்டலாம், தனியா எழுதி வாங்க வேணாம்னு. அதுக்கு முன்னாடி இதச் சொல்லியே இன்சூரன்ஸ்காரங்க கிளெய்ம இழுத்தடிச்சாங்க, அந்த வம்பு இப்போ இல்ல. இப்போ இத கவனிங்க. தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022-ல வெச்ச ரேட்டுல 7,500 கிலோ வரைக்கும் ஒரே ஸ்லாப், 16,049 ரூபா. 1.3 டன் ஏத்தற பிக்கப்புக்கும் அதே, 4 டன் ஏத்தற 7.49 டன் வண்டிக்கும் அதே. 12 டன் தாண்டி 20 டன் வரைக்கும் 35,313. டோல்லயும் பெரும்பாலான இடத்துல பிக்கப்பும் 7.49-ம் ஒரே எல்.சி.வி (சின்ன சரக்கு வண்டி) ஸ்லாப்புதான், லாரி ஸ்லாப்பு அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல (2008 ரூல்ல அடிப்படை ரேட்டே கிலோமீட்டருக்கு கார் 65 பைசா, எல்.சி.வி 1.05 ரூபா, லாரி 2.20 ரூபான்னுதான் ஆரம்பிக்குது, வருஷா வருஷம் ஏறிட்டே போகும்). அப்போ ஒரே லைசென்ஸ், ஒரே பிரீமியம், ஒரே டோல், ஆனா லோடு மட்டும் மூணு மடங்கு. கம்பெனிக்காரன் சும்மாவா 7.49-ன்னு அந்த எடையில கொண்டு வந்து நிறுத்தினான்?

இப்போ மும்பை கணக்கு போடுவோம். என்.எச் 48-ல தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, பூனா வழியா கிட்டத்தட்ட 980 கிலோமீட்டர். டீசல் 90 ரூபான்னு வெச்சுக்கலாம். லோடோட பிக்கப்பு லிட்டருக்கு 11 குடுத்தா 89 லிட்டர், 8,000 ரூபா, ஏத்தறது 1.7 டன், டன்னுக்கு 4,700. என் 7.49 லோடோட ஏழரை குடுக்குது, 131 லிட்டர், 11,800 ரூபா, 4 டன்னு, டன்னுக்கு 2,950. பத்து சக்கரம் லிட்டருக்கு நாலு, 245 லிட்டர், 22,000 ரூபா, 2018-ல கவர்மென்ட் ஆக்சில் லோடு வரம்ப ஏத்தின அப்புறம் மொத்த எடை 28.5 டன்ல வண்டி எடை போக 18 டன் வருது, டன்னுக்கு 1,225. இது வெறும் டீசல் மட்டும், என் வண்டி மைலேஜ் வெச்சு போட்ட கணக்கு, உங்க டிரைவர் கால் எப்படியோ அப்படி மாறும். லோடு குடுக்கறவன் டன்னுக்கு ரேட்டு பேசறான், அவனுக்கு உங்க வண்டி பிக்கப்பா லாரியான்னு கவலையே இல்ல. பத்து சக்கரக்காரன் 1,225-ல நிக்கற இடத்துல நீங்க 4,700-ல நின்னுக்கிட்டு எப்படி பேசுவீங்க? பிக்கப்ப நீட்டத்துக்கு ஓட்டினா அடி வாங்கறது இங்கதான், எஞ்சின் பவர்லயோ சொகுசுலயோ இல்ல.

இதுக்கு எல்லாரும் கண்டுபிடிக்கற வைத்தியம் ஓவர்லோடு. நானும் பண்ணினேன். 2013-ல 1.2 டன் வண்டியில ரெண்டரை டன் டைல்ஸ ஏத்தி ஹூப்ளிக்கு விட்டேன், பின்னாடி ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை எக்ஸ்ட்ரா போட்டிருந்தேன், அதனால வண்டி உக்காரல, பாக்கறதுக்கு ஜம்முனு நிக்குது. சித்ரதுர்கா தாண்டி பின் ஆக்சில் ஹவுசிங் வளைஞ்சு, ஒரு பக்க டயர் உள்பக்கமா தேஞ்சு நூல் தெரிஞ்சு வெடிச்சு, டைல்ஸ்ல கால்வாசி உடைஞ்சு, அந்த நஷ்டத்த பார்ட்டி என் பில்லுல கழிச்சான். பட்டை போட்டா வண்டி உக்காராது, அவ்ளோதான். ஹவுசிங், பேரிங், பிரேக், டயர் இதுக்கெல்லாம் நீங்க பட்டை போட்டது தெரியாது, அதுங்க கம்பெனி செஞ்ச எடைக்குத்தான் இருக்கு. அதோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு எக்ஸ்ட்ரா டன்னுக்கும் 2,000, மேல இருக்கற சரக்க இறக்கி வேற வண்டில ஏத்தற செலவும் உங்க தலைல. ஒரு தடவ மாட்டினா அந்த மாச லாபம் முழுசா போச்சு.

புரோஷர்ல போட்டிருக்கற பேலோட அப்படியே நம்பாதீங்க, அது கம்பெனி குடுக்கற திறந்த தொட்டியோட கணக்கு. நீங்க மூடின கன்டெய்னர் பாடி கட்டினா முன்னூறு நானூறு கிலோ அதுலயே போயிடும். பாடி கட்டின உடனே காலி வண்டியா எடை மேடைல ஏத்தி சீட்டு வாங்கி வெச்சுக்கோங்க, ஆர்.சி-ல இருக்கற மொத்த எடைல அதக் கழிச்சா வர்றதுதான் உங்க நிஜமான லோடு.

ஹைலக்ஸ் பத்தி கேட்டீங்களே. அருமையான வண்டி, நம்ம பிடதியிலதான் செய்யறாங்க, 2.8 லிட்டர், 204 குதிரை. ஆனா அது இங்க விக்கறது சொந்த உபயோகத்துக்கு, வெள்ளை போர்டு. பின்னாடி அரை டன் தேறினா பெருசு. வெள்ளை போர்டுல வாடகைக்கு சரக்கு ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல போர்டு கலரத்தான் பாப்பான். வேடிக்கை என்னன்னா அதே ஹைலக்ஸ், அதே டி-மேக்ஸ் ஆஸ்திரேலியாவுல பிரேக் வெச்ச டிரெய்லர்னா 3.5 டன் இழுக்கலாம்னு கம்பெனியே எழுதிக் குடுக்குது. அங்க அந்த எண்ணுக்கு சட்டம் இருக்கு, டிரெய்லர்ல பிரேக் இருக்கு, வண்டியும் டிரெய்லரும் சேந்து இவ்ளோ தாண்டக் கூடாதுன்னு இன்னொரு எண்ணு இருக்கு, நெறைய பேர் மாட்டறது அந்த ரெண்டாவது எண்ணுலதான். நம்ம ஊர் சரக்கு பிக்கப்பு புரோஷர எடுத்து பாருங்க, எவ்ளோ இழுக்கும்னு பெரும்பாலும் ஒரு வரி கூட இருக்காது. எழுதாத எடைய நீங்களா இழுத்தா அது உங்க பொறுப்பு. டிரெய்லருக்கு தனி ரெஜிஸ்ட்ரேஷன், தனி நம்பர், லேத் பட்டறைல வெல்டு அடிச்சு மாட்டிக்கற சமாச்சாரம் இல்ல.

பவர் பத்தி எல்லாரும் பேசறாங்க, ஏறறது பிரச்சனையே இல்ல தம்பி. ஒரு சின்ன கணக்கு சொல்றேன். ஃபோர்டு 2023-ல கொண்டு வந்த பெரிய டீசல் 500 குதிரை, 11.8 டன்ன இழுத்தா டன்னுக்கு 42 குதிரை. பொலேரோ பிக்கப்பு 80 குதிரை, மூணரை டன்னுன்னா டன்னுக்கு 23. நம்ம பத்து சக்கரம் 28.5 டன்னுக்கு 200 குதிரை சுமாரு, டன்னுக்கு ஏழு. அந்த ஏழு குதிரைய வெச்சுக்கிட்டுதான் நாடு முழுக்க அரிசியும் சிமெண்டும் போய்ச் சேருது, மெதுவா ஏறும், கியர் எறக்கி ஏறும், ஆனா ஏறிடும். எப்படியும் சரக்கு வண்டிக்கு 80-ல ஸ்பீடு லாக் இருக்கு, 500 குதிரைய வெச்சு என்ன பண்ணப் போறீங்க?

இறங்கறதுதான் விஷயம், உயிர் போற இடமும் அதுதான். லோனாவாலா கடல் மட்டத்துல இருந்து 620 மீட்டர், கீழ கோபோலி 60 மீட்டர் சுமாரு. மூணரை டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினா அதுல வெளிய வர்ற சக்தி கிட்டத்தட்ட ஒரு யூனிட் கரண்ட். 560 மீட்டர்னா அஞ்சு யூனிட்டுக்கு மேல. வீட்டுல 2 கிலோவாட் கீஸர ரெண்டரை மணி நேரம் போட்டா எவ்ளோ சூடோ அவ்ளோ சூடு, அந்த பத்து பன்னெண்டு கிலோமீட்டர்ல எங்கயாவது போயாகணும். காத்து கொஞ்சம் தாங்கும், எஞ்சின் கொஞ்சம் தாங்கும், மிச்சம் பூரா பிரேக் லைனிங்ல. லைனிங் சூடேறினா பிடிக்காது, ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். அமெரிக்காக்காரன் வண்டில எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கு, டர்போவே அடைச்சு எஞ்சின வெச்சு பிடிக்கும், டிரெய்லர்ல தனி எலக்ட்ரிக் பிரேக்கு, கேபின்ல கண்ட்ரோலர். நம்ம பிக்கப்புல சாதா ஆயில் பிரேக், வேக்கம் பூஸ்டர். பூஸ்டர் எஞ்சின் ஓடினாதான் வேலை செய்யும், எஞ்சின அணைச்சா ரெண்டு மூணு மிதி தாங்கும், அப்புறம் கல்லு மாதிரி ஆயிடும், பவர் ஸ்டீயரிங்கும் கூடவே போயிடும்.

கோயம்புத்தூர் டிரிப்புல தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வருமே, அங்க நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பண்றேன்னு இறங்கி எத்தன வண்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்குன்னு சேலத்துக்காரங்கள கேளுங்க. மும்பை ரூட்டுல பூனாவுக்கு முன்னாடி கட்ராஜ் டன்னல்ல இருந்து நவலே பாலம் வரைக்கும் இறக்கம், அதே கதை, பேப்பர்ல அடிக்கடி வரும். இதுல பெரிய கொடுமை என்னன்னா நியூட்ரல்ல டீசல் மிச்சமே ஆகறதில்ல. இப்போ வர்ற காமன் ரெயில் எஞ்சின்ல கியர்ல வெச்சு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்து இறங்கினா இன்ஜெக்டர் டீசல அடியோட நிறுத்திடும், சக்கரம்தான் எஞ்சின சுத்துது. நியூட்ரல் போட்டா எஞ்சின் அணையாம இருக்க டீசல் குடிச்சே ஆகணும். பழைய பம்ப் எஞ்சின் ஓட்டின பெரியவங்க சொல்லிக் குடுத்தத பசங்க இன்னும் பண்றாங்க, என் டிரைவர் ஒருத்தர்கிட்ட இத புரிய வெக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, கடைசில ஜி.பி.எஸ் ரிப்போர்ட்டக் காட்டி நியூட்ரல்ல போன டிரிப்புக்கு பேட்டா கட்னு சொன்ன அப்புறம்தான் அடங்கினார். ஏறின கியர்லயே இறங்குங்க, அது போதும்.

சரி, பிக்கப்பு எங்க ஜெயிக்கும்? 300, 350 கிலோமீட்டருக்குள்ள, நேரத்துக்கு காசு குடுக்கற சரக்குல. நம்ம ஊர் ஹாட்ஷாட் அதுதான், யாரும் அப்படி பேரு வெக்கல. பீன்யாவுல ஒரு சின்ன பட்டறைல மெஷினிங் பண்ணின பார்ட்டு, ஓசூர்லயோ ஒரகடத்துலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ லைன் நிக்கப் போகுதுன்னு சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வரும், 400 கிலோ சரக்கு, விடிகாலைல அஞ்சு மணிக்கு கேட்ல இருக்கணும். அவனுக்கு டன் ரேட்டு கணக்கே கிடையாது, லைன் நின்னா அவனுக்கு ஆகற நஷ்டத்துக்கு முன்னாடி நம்ம வாடகை தூசு. அவன்கிட்ட 18 டன் லாரிக்காரன் போட்டிக்கு வர முடியாது. பகல்ல பெரிய வண்டிய ஊருக்குள்ள விட மாட்டாங்க, பிக்கப்பு கொஞ்சம் நெளிஞ்சு வெளிய வந்துடும் (சில்க் போர்டு டிராஃபிக்ல நிக்கறது எல்லாருக்கும் பொது, அதுக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது). அத்திப்பள்ளி தாண்டிட்டா அப்புறம் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர்னு நேர் ரோடு.

இன்னொண்ணு கோலார் தக்காளி. மண்டில இருந்து ராத்திரி ஏத்தினா விடிய கோயம்பேடு, 15 கிலோ பெட்டி 110 சொச்சம் ஏறும், சீசன்ல தினமும் வண்டி வேணும். ஆனா திரும்பி வர்றப்போ காலி பெட்டிதான் வரும், அதுக்கு யாரும் பெருசா குடுக்க மாட்டாங்க, அதனால போற வாடகைலயே ரெண்டு பக்க டீசலையும் போட்டு பேசுங்க. புதுசா வர்றவங்க எல்லாம் ஒன்வே ரேட்ட பாத்து மயங்கிடறாங்க. ரிட்டர்ன் லோடு புரோக்கர் கையில இருக்கு, புரோக்கர் கையில இருக்கறது புதுப் பையனுக்கு கடைசியாத்தான் வரும், ரெண்டு நாள் ரெட்ஹில்ஸ்லயோ மாதவரத்துலயோ டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தா மிச்சம் புரிஞ்சுடும்.

டியூ கணக்கும் போட்டுக்கோங்க. 9 லட்சம் லோன், 11 பர்சென்ட், 48 மாசம்னா மாசம் 23,000 தாண்டும். 7.49 வண்டி பாடியோட வாங்கினா லோன் அப்படியே டபுள் ஆகும், டியூ 46,000. அதோட மாநிலம் தாண்ட நேஷனல் பர்மிட், எஃப்.சி புது வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, அப்புறம் வருஷா வருஷம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி 28-ல இருந்து 18 ஆயிருக்கு, அது ஒரு நல்ல விஷயம், அதுக்கு முன்னாடி வாங்கினவங்க வயித்தெரிச்சல் தனி. இன்னொரு நல்லது, 2025 அக்டோபர்ல இருந்து செய்யற மூணரை டன்னுக்கு மேல இருக்கற சரக்கு வண்டில ஏ.சி கேபின் கட்டாயம், பிக்கப்பு அந்த கணக்குல வராது. மே மாசம் சோலாப்பூர் பக்கம் ஓட்டிப் பாருங்க, அப்போ தெரியும் அது சொகுசு இல்லன்னு.

நீங்களே ஓட்டி மும்பை போய் வரலாம்னு நினைச்சா அதயும் சொல்லிடறேன். 980 கிலோமீட்டர், சராசரி 45, 50-தான் வரும், 20 மணி நேரம் ஸ்டீயரிங்ல. 1961 சட்டப்படி டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம்தான், அமெரிக்காவுல 11 மணி நேரம், அங்க மெஷினே கணக்கு எழுதுது. இங்க கணக்கு எழுதறது உங்க கண்ணுதான். தனியா போறவன் ஒரு பக்கத்துக்கே மூணு நாள்னு வெச்சுக்கணும், ஒன்றரை நாள்ல வந்துடுவேன்னு பார்ட்டிகிட்ட வாய விடக் கூடாது.

அதனால நான் உங்க எடத்துல இருந்தா புது வண்டியே வாங்க மாட்டேன். மூணு நாலு வருஷம் ஓடின 1.7 டன் பிக்கப்பு ஒண்ணு, லோன் இல்லாமயோ கொஞ்சமா லோன் போட்டோ எடுத்து, ஒரு வருஷம் பீன்யா, பொம்மசந்திரா, ஓசூர், ஒரகடம்னு ஓட்டி, நாலு கம்பெனி டிஸ்பேட்ச் ஆளுங்க நம்பர் கையில வந்த அப்புறம் 7.49-க்கு போவேன். லோடு கையில இல்லாதவனுக்கு 46,000 டியூ கழுத்துல கல்லு. செகண்ட் ஹேண்ட் பாக்கறப்போ பெயிண்ட பாக்காதீங்க, கீழ படுத்து சேஸிஸ்ல வெல்டு இருக்கா பாருங்க, பின் பட்டை எண்ணுங்க, கம்பெனி குடுத்ததுக்கு மேல இருந்தா அந்த வண்டி என்ன பாடு பட்டிருக்கும்னு தெரிஞ்சுடும். டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா ஹவுசிங் வளைஞ்சிருக்கான்னு சந்தேகப்படுங்க. தமிழ்நாடு நம்பர் வண்டிய சீப்பா இருக்குன்னு வாங்கி இங்க ஓட்டணும்னா என்.ஓ.சி, டாக்ஸ் எல்லாம் சேத்து கணக்கு போட்டு பாத்துட்டு அப்புறம் சந்தோஷப்படுங்க.

இழுக்கற தொழில்தான் வேணும்னா நம்ம ஊர்ல அதுக்கு பேரு ரிக்கவரி. ரிப்பேராகி நிக்கற கார தூக்கறது. அதுக்கும் டிரெய்லர் கிடையாது, 14 அடி 17 அடி சேஸிஸ்ல சாயற பிளாட்பெட் கட்டணும், இன்சூரன்ஸ், ரோட்சைட் அசிஸ்டன்ஸ் கம்பெனிகளோட கான்ட்ராக்ட் வேணும், அது இல்லாம தனியா ரோட்டுல நின்னா பெட்ரோல் காசு கூட வராது. பழைய மாதிரி கொக்கி போட்டு ரெண்டு சக்கரத்த தூக்கி இழுக்கறது இப்போ பல ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், எலக்ட்ரிக் வண்டிங்களுக்கு ஆகாது, எலக்ட்ரிக்க சக்கரம் உருள இழுத்தா மோட்டார் தானா கரண்ட் உண்டாக்கி எதையாவது எரிச்சு வெக்கும். பிளாட்பெட்தான்.

டிரெய்லர் ஆடும்னா எப்படி ஆடும்னு ஒரு தடவ பாத்தேன், அதுக்கப்புறம்தான் இந்த பயமே. தெரிஞ்சவர் ஒருத்தர் இழுத்துட்டுப் போற ஏர் கம்ப்ரசர் ஒண்ண ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி, மேல ஹோஸ், பிரேக்கர், ராடு எல்லாத்தையும் பின் ஓரத்துல கட்டிட்டு நெலமங்கலா பக்கம் வந்துட்டிருந்தார், நான் பின்னாடி என் வண்டில. 40-ல ஒழுங்கா வந்துச்சு, 60 தொட்டதும் நாய் வால் மாதிரி மெதுவா ஆரம்பிச்சு நாலு ஆட்டத்துல ஜீப்போட பின்பக்கத்தையே தூக்கி தூக்கி போடுது. அவர் பயந்து பிரேக் மிதிச்சார், அப்போ இன்னும் ஜாஸ்தியாச்சு, டிவைடர்ல உரசி நின்னுச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. பாரம் ஆக்சிலுக்குப் பின்னாடி போயிடுச்சு, அவ்ளோதான் தப்பு. டிரெய்லர் எடைல 10-ல இருந்து 15 பர்சென்ட் முன்னாடி கொக்கி மேல உக்காந்திருக்கணும், அது இல்லன்னா இந்த ஆட்டம் வரும். அமெரிக்காக்காரன் கூஸ்நெக் வெக்கறதே அதுக்குத்தான், கொக்கி பின் பம்பர்ல இல்லாம தொட்டிக்குள்ள பின் ஆக்சிலுக்கு நேர் மேல இருக்கும், 20 பர்சென்ட் சுமாரு எடை அங்க உக்காரும், அதனால ஆட்டம் ரொம்பக் கொறைவு. நம்ம பிக்கப்பு தொட்டிக்குள்ள அந்த எடைய வெச்சா பேலோடு அங்கயே முடிஞ்சுடும், அப்புறம் எதுக்கு டிரெய்லர்? அதோட 40 அடி டிரெய்லர கலாசிபாளையத்துல ரிவர்ஸ் எடுக்கறத ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

கடைசியா கேட்டீங்களே, வீடியோல பின் சக்கரம் ரெண்டு ரெண்டா இருக்கே, அந்த மாதிரி நம்ம பிக்கப்புல போட்டுக்கலாமான்னு. முடியாது. கம்பெனி சொன்ன அமைப்ப ஆர்.சி-க்கு மாறா மாத்தக் கூடாதுன்னு 52-ஆவது பிரிவு இருக்கு, 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லியாச்சு, எஃப்.சி-ல நிறுத்திடுவாங்க. ரெட்டைச் சக்கரம் வேணும்னா ரெட்டைச் சக்கரத்தோட வர்ற வண்டிய வாங்குங்க, 407-ல இருந்து எல்லாத்துலயும் இருக்கு. வீல மாத்த வெச்சிருக்கற காசுக்கு லோடு ரேட்டிங் சரியா இருக்கற எல்.டி (லைட் டிரக்) டயர் ஒரு செட்டு போட்டு, வாரத்துக்கு ஒரு தடவ காத்து அளந்து பாருங்க, அதயும் காலைல வண்டி ஆறி இருக்கறப்போ.